திட்டுகிறார்களா, பேசுகிறார்களா?

‘சரி’ என்று ஒரு சின்ன வார்த்தை. விடிந்ததிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்கிற வரை எத்தனை தடவை சொல்கிறோம்! மாமியார் ஒரு வேலை சொன்னால் அடக்கமாக ஒரு ‘சரி’. குழந்தை நாலாவது தடவையாக ஐஸ்கிரீம் கேட்டால் அலுப்போடு ‘சரி, சரி’. ஆபீஸிலிருந்து அவர் போன் செய்து, “இன்றைக்கு வர லேட்டாகும்” என்றால், இழுத்து ஒரு ‘ச...ரி’. அந்த இழுப்பிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிடும்! ராகம் மாறுகிறதே தவிர, வார்த்தை மாறுவதில்லை. எப்படிச் சொன்னாலும் ‘சரி’ என்றால் சரிதான். நம் பாஷையில் குரலின் ஏற்ற இறக்கம் மனசைக் காட்டும், அர்த்தத்தை மாற்றாது.

சீன பாஷையில் கதையே வேறு. அங்கே ஏற்ற இறக்கம் வார்த்தையோடு ஒட்டிப் பிறந்தது. ராகம் மாறினால் வார்த்தையே மாறிப் போகும். ‘மா’ என்று குரலை உயர்த்தி ஒரே சீராக நீட்டினால் அம்மா. அதையே கீழேயிருந்து மேலே ஏற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. உச்சியிலிருந்து சடாரென்று இறக்கினால் திட்டுவது. அம்மா, சணல், குதிரை, திட்டு நாலும் நம் காதுக்கு ஒரே ‘மா’தான்!

‘சீன பாஷைக்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் டாக்டருக்குப் படிக்கச் சீனாவுக்குப் போகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் பிள்ளையும் அப்படிப் போனவன்தான். அங்கே வாட்ஸ்அப் கிடையாது. வீசாட் என்கிற அவர்களுடைய போன் வசதியில்தான் முகம் பார்த்துப் பேசுவார்கள். ஒரு நாள் சாயந்திரம் பேசிக் கொண்டிருக்கும்போது, பிள்ளைக்குப் பின்னால் ஒரு பெண் குரல். ‘ச்சீ’ என்று ஆரம்பித்து, வெட்டுகிற மாதிரி ஏதோ ஒரு சொல். பிள்ளை திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். உடனே லைனும் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. “காசையும் கட்டி, கண்காணாத ஊரில் பிள்ளையையும் விட்டு, எவளோ அவனை ‘ச்சீ’ என்று விரட்டுகிறாளே! திரும்பி வரச் சொல்லிவிடலாமா?” என்று என்னிடம் வந்து அழுதார்கள். அவன் அப்பாவும் டிக்கெட் விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பிள்ளையைக் கேட்டால், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அந்தப் பெண் ஹாஸ்டலைப் பார்த்துக் கொள்கிறவர். வயதில் பெரிய பெண்களை அங்கே ‘ஆ-யி’ என்று கூப்பிடுவார்களாம், நாம் அத்தை, சித்தி என்கிற மாதிரி. அவர் கேட்டது, “சாப்பிட்டாயா?” என்று! அவ்வளவுதான்.

‘ச்சீ’ போலக் காதில் விழுந்தது ‘சாப்பிடு’ என்கிற வார்த்தை. அடுத்து வெட்டினாற்போல வந்தது ‘ஃபான்’. சோறு என்று அர்த்தம். சீனர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே ‘சோறு சாப்பிட்டாயா?’ என்றுதான், நம் கிராமங்களில் கேட்கிற மாதிரியே. பிள்ளையின் வயிற்றை விசாரித்த ஒரு நல்ல மனுஷியை, அவன் அம்மா விரோதியாக நினைத்துக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். யார் மேல் தப்பு? ஒருவர் மேலும் இல்லை. காது செய்கிற வேலை அது.

அந்தப் பையன் லீவுக்கு வந்தபோது பொறுமையாக எனக்கு விளக்கினான். மாண்டரின் என்று சொல்கிற பொதுச் சீன பாஷையில் நாலு தொனிகள் இருக்கின்றன. நம் வீட்டுக் குரல்களை வைத்தே அவற்றைப் புரிந்து கொள்ளலாம்.

முதல் தொனி: டாக்டர் டார்ச் அடித்து “ஆ காட்டு” என்றதும் குழந்தை ‘ஆ...’ என்று நீட்டுமே, அது. உயரத்தில், ஆடாமல் அசையாமல் நிற்கும்.

இரண்டாவது தொனி: நாம் சமையலறையில் இருக்கும்போது யாரோ கூப்பிட்டது சரியாகக் காதில் விழாமல், ‘என்ன?’ என்று குரலை ஏற்றிக் கேட்போமே, அது.

மூன்றாவது தொனி: டப்பாவில் இருந்த முறுக்கு எங்கே என்று கேட்க, குழந்தை ‘பூனை தின்றது’ என்று சொல்ல, நாம் ‘ஓ...ஹோ’ என்று இழுப்போமே, அது. தாழ்ந்து போய்க் கடைசியில் கொஞ்சம் எழும்பும். தொடர்ந்து பேசும்போது எழும்பாமல் தாழ்வாகவே நின்றுவிடுவதுதான் அதிகம்.

நாலாவது தொனி: கொதிக்கிற குழம்புப் பக்கம் குழந்தை ஓடி வரும்போது ‘நில்!’ என்று ஒரு அதட்டல் போடுகிறோமே, அதுவேதான். உச்சியில் ஆரம்பித்துச் சட்டென்று தரைக்கு இறங்கும்.

இவை தவிர, தொனியே இல்லாமல் லேசாக உதிர்ந்து போகிற அசைகளும் உண்டு. கேள்வி கேட்கும்போது கடைசியில் ஒட்டுகிற ‘மா’ அந்த ரகம். நாம் ‘சாப்பிட்டாயா’ என்பதில் ‘ஆ’ சேர்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலையை அது செய்கிறது.

இப்போது விஷயம் புரிகிறதல்லவா? நம் காதுக்கு முதல் தொனி பாட்டு மாதிரி. இரண்டாவது கேள்வி மாதிரி. மூன்றாவது சந்தேகம் மாதிரி. நாலாவது அதட்டல் மாதிரி. சீனக்காரர் ஒரு வாக்கியம் பேசினால், ஒவ்வோர் அசைக்கும் இவற்றில் ஒன்று மாறி மாறி வரும். நமக்கோ, ஒரே மூச்சில் அவர் பாடி, கேள்வி கேட்டு, சந்தேகப்பட்டு, அதட்டுகிற மாதிரி இருக்கிறது! அதிலும் அடிக்கடி வருகிற சின்னச் சின்ன வார்த்தைகள் பலவற்றுக்கு நாலாவது தொனி. ‘வேண்டும்’ என்கிற ‘யாவ்’, ‘இல்லை’ என்கிற ‘பு’, ‘ஆம்’ என்று சொல்வதற்கான வார்த்தை, சோறு என்கிற ‘ஃபான்’ எல்லாமே மேலேயிருந்து வெட்டி இறங்குபவை. அதனால்தான் கடைத்தெருவில் இரண்டு சீனப் பெண்கள் கீரை விலை பேசினாலும், புதிதாய்க் கேட்பவர்களுக்குச் சண்டை போலத் தோன்றுகிறது.

சமையலறை வார்த்தைகளையே பாருங்களேன். ‘தாங்’ என்று முதல் தொனியில் சொன்னால் சூப். இரண்டாவது தொனியில் சொன்னால் சர்க்கரை. ‘யென்’ முதல் தொனியில் புகை, சிகரெட். இரண்டாவது தொனியில் உப்பு! ‘மாய்’ என்பது மூன்றாவது தொனியில் வாங்குவது. நாலாவது தொனியில் விற்பது. வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு எத்தனை சங்கடம் பாருங்கள்!

டாக்டர் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பாடத்தை இங்கிலீஷில் படித்தாலும், ஆஸ்பத்திரிக்குள் நோயாளி சீனத்தில்தானே பேசுவார்? ‘யாவ்’ என்ற ஒரே அசைக்கு முதல் தொனியில் இடுப்பு, இரண்டாவதில் ஆட்டுவது, மூன்றாவதில் கடிப்பது, நாலாவதில் மருந்து என்று அர்த்தம் வருகிறது. ஒரு பாட்டி இடுப்பைப் பிடித்துக் கொண்டு ‘யாவ்’ என்றால் எந்த ‘யாவ்’ என்று கை காட்டிக் கொடுத்துவிடும். முன்னே பின்னே வருகிற பேச்சும் உதவும். ஆனாலும் தொனியைக் காதில் வாங்கப் பழகாத டாக்டர் பாதி ஊமை, முழுச் செவிடு என்று அந்தப் பையன் சொன்னான்.

இன்னொரு வேடிக்கை. எண் நாலுக்கும், சாவுக்கும் ஒரே ஓசை. தொனி மட்டும்தான் வேறு. அதனால் நாலு என்ற எண் ராசியில்லாதது என்று பல சீனர்கள் ஒதுக்குகிறார்கள். ஹாங்காங்கில் பல கட்டடங்களில் லிஃப்ட்டில் 4 என்கிற பொத்தானே இருக்காது. மூன்றாம் மாடிக்கு அடுத்தது ஐந்தாம் மாடி!

‘இவ்வளவு ராகமும் வார்த்தைக்கே செலவாகிவிட்டால், கோபம் வந்தால் எப்படிக் காட்டுவார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். இதற்கு அழகாகப் பதில் சொன்னவர் சாவ் யுவென் ரென் என்ற சீன அறிஞர். 1892-ல் பிறந்து 1982 வரை வாழ்ந்தவர். பாஷைகளை ஆராய்ந்ததோடு சங்கீதமும் தெரிந்தவர். கடலில் பெரிய அலை ஒன்று எழும்போது, அதன் முதுகின் மேலேயே சின்னச் சின்ன நெளிவுகளும் ஓடுகின்றன அல்லவா? பெரிய அலை மனசின் உணர்ச்சி. சின்ன நெளிவு வார்த்தையின் தொனி. இரண்டும் சேர்ந்தே போகும், ஒன்றை ஒன்று அழிக்காது என்பது அவர் விளக்கம். கோபம் வந்தால் மொத்தக் குரலும் உயர்ந்து, வேகமாகி, ஏற்ற இறக்கம் இன்னும் அகலமாகிவிடும். சீனக் காது பெரிய அலையைப் பார்த்துக் கோபத்தைக் கண்டுபிடிக்கிறது. நம் காது சின்ன நெளிவையே பெரிய அலை என்று எண்ணிப் பயப்படுகிறது.

இந்த சாவ்தான் 1930-ல் தொனிகளைக் குறித்துக் காட்ட ஐந்து படி வைத்து ஒரு முறையை ஏற்படுத்தினார். முதல் தொனி ஐந்தாம் படியிலேயே நிற்கும். இரண்டாவது மூன்றாம் படியிலிருந்து ஐந்துக்கு ஏறும். மூன்றாவது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி நாலுக்கு வரும். நாலாவது ஐந்திலிருந்து ஒன்றுக்கு உருளும். இந்தப் படிகள் எல்லோருக்கும் ஒரே உயரம் இல்லை. நம் பாட்டு டீச்சர் ஒரு கட்டையிலும், நாம் ஒரு கட்டையிலும் பாடினாலும் ராகம் ஒன்றுதானே? அதுபோல, தாத்தாவின் கனத்த குரலுக்கு ஒரு ஏணி, பேத்தியின் கீச்சுக் குரலுக்கு ஒரு ஏணி. அவரவர் ஏணியில் அவரவர் ஏறி இறங்கினால் போதும்.

அவர் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூவெய் யாங் சாவ் என்று பெயர். ஜப்பானில் வைத்தியம் படித்த டாக்டர். இவர் 1945-ல் சீனச் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதை இங்கிலீஷில் கொண்டு வருவதற்கு மகளும் கணவரும் உதவினார்கள். சூடான வாணலியில் காய்களைச் சீக்கிரமாகக் கிளறி வதக்குவதை இன்று எல்லோரும் ‘ஸ்டர் ஃப்ரை’ என்கிறோமே, அந்தப் பெயர் அந்தப் புத்தகத்திலிருந்து பரவியதுதான். பாஷை அறிஞர் கணவர், டாக்டர் மனைவி. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சுக்குக் குறைவு இருந்திருக்காது!

இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்னாலேயே, வெளிநாட்டுக் காதுகள் இந்தத் தொனியோடு மல்லுக் கட்டியிருக்கின்றன. 1582-ல் சீனக் கரையில் மக்காவு வந்து இறங்கினார் மாட்டியோ ரிச்சி என்ற இத்தாலியப் பாதிரியார். ஒரே ஓசை பல அர்த்தமாக வருவது அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அவரோடு இருந்த லாசரோ கட்டானியோ என்பவருக்கு நல்ல சங்கீத ஞானம். அந்த ஞானம்தான் கை கொடுத்தது. 1598 வாக்கில் இருவரும் தொனிகளைக் காதால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டார்கள். 1626-ல் நிக்கோலா திரிகோ என்ற இன்னொரு பாதிரியார் இந்த வழியில் ஓர் அகராதியே வெளியிட்டார். அதன் சீனப் பெயருக்கு, மேல்நாட்டு அறிஞரின் காதுக்கும் கண்ணுக்கும் உதவி என்று பொருள். காதுக்குப் பிடிபடாததைக் கண்ணுக்குக் காட்டுகிற புத்தகம். இப்போது பள்ளிக் குழந்தைகளும் வெளிநாட்டாரும் படிக்கிற ‘பின்யின்’ எழுத்து முறை 1958-ல் வந்தது. அதில் உயிரெழுத்தின் தலையில் படுத்த கோடு, ஏறு கோடு, குழிந்த கோடு, இறங்கு கோடு என்று தொனியைப் படமாகவே போட்டு விடுகிறார்கள்.

சீன பாஷை என்றால் ஒன்று அல்ல, பல. மாண்டரினுக்கு நாலு தொனி என்றால், ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸுக்கு ஆறு. வார்த்தைகள் ‘க்’, ‘ப்’, ‘ட்’ என்று முறிந்து நிற்பதும் அதில் நிறைய. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்கிற நம் குடும்பங்கள், பக்கத்து வீட்டுக் குரல்களாக ஹொக்கியன், கான்டனீஸ், மாண்டரின் எல்லாவற்றையும் கேட்டுப் பழகியவர்கள். அவர்களுக்கு இது சண்டையாகத் தோன்றுவதில்லை. காரணம் சுலபம். அந்தக் குரலோடு சேர்ந்த முகத்தையும் அவர்கள் தினம் பார்க்கிறார்கள்.

பாட்டுப் பாடும்போது என்ன செய்வார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மாண்டரின் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலும் மெட்டு ஜெயித்துவிடுமாம். தொனி மறைந்தாலும், சேர்ந்து வரும் வார்த்தைகளை வைத்து அர்த்தம் புரிந்து கொள்வார்கள். கான்டனீஸில் அப்படி விட முடியாது. மெட்டு ஏறுகிற இடத்தில் ஏறுகிற வார்த்தை, இறங்குகிற இடத்தில் இறங்குகிற வார்த்தை என்று பொறுக்கி எடுத்து எழுதுவார்கள்.

இனி, கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்களுக்கு ஒரு விஷயம். இது எனக்கு எல்லாவற்றையும் விட ஆச்சரியமாக இருந்தது. நமக்குப் பிடிபடாத இந்தத் தொனி, நம் தொட்டில் குழந்தைக்குப் பிடிபடும்! 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சீனம் பேசும் வீட்டுக் குழந்தைகளையும் இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளையும் வைத்துச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு வீட்டுக் குழந்தைகளும் தொனி வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. ஒன்பது மாதத்தில் சீன வீட்டுக் குழந்தைகள் அப்படியே இருக்க, இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கூர்மை குறைந்துவிட்டது. தன் வீட்டில் எது அர்த்தத்தை மாற்றுகிறதோ அதைக் காது வைத்துக் கொள்கிறது. தேவையில்லாததை மெல்ல விட்டுவிடுகிறது.

சீன அம்மாக்கள் குழந்தையைக் கொஞ்சும்போது தொனிகளை வழக்கத்தை விட இன்னும் பெரிதாக ஏற்றி இறக்கிப் பேசுவதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கொஞ்சலே பாடம்! அதனால்தான் அந்தக் குழந்தைகள், எழுத்து ஒலிகள் எல்லாம் நாக்கில் திருந்தி வருவதற்கு முன்பே தொனியைச் சரியாகப் பிடித்துவிடுகின்றன.

பிடித்ததை விட்டுவிடாமல் காப்பாற்ற முடியுமா என்றும் பார்த்தார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பாட்ரிசியா கூல் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 2003-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இது தொனியைப் பற்றியது அல்ல, சீன மெய்யெழுத்து ஒலிகளைப் பற்றியது. ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகளோடு சீனம் பேசுகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் 25 நிமிஷம். மொத்தம் 12 தடவை. அந்தக் குழந்தைகள் அந்த ஒலிகளை நன்றாகப் பிரித்துக் கேட்டன. அதே பேச்சை டி.வி.யில் போட்டுக் காட்டிய குழந்தைகளுக்கோ ஒரு பலனும் இல்லை. ஒலி ஒன்றுதான், முகம்தான் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக் கொண்ட பாடம் இரண்டு.

ஒன்று, பெரியவர்களான நமக்கு. ஒருவர் குரலை மட்டும் வைத்து அவர் மனசை எடை போடக் கூடாது. அவர் பேசுவது அவர் பாஷை. அதில் நாம் கேட்கிற கோபம் நம் பாஷையின் கோபம். பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால், பின்னால் கேட்கிற குரலைக் கண்டு கலங்காமல், ‘யார் அவர்? என்ன சொன்னார்?’ என்று அப்போதே கேட்டுவிடுங்கள். முகத்தைப் பாருங்கள், கையைப் பாருங்கள், பேசி முடித்ததும் சிரிக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் நாமும் ஒரு வார்த்தை சொல்லலாம். சீனத்தில் ‘நீ’ என்றால் நம்முடைய நீயேதான்! மரியாதையாகச் சொல்வதென்றால் ‘நின்’. ‘ஹாவ்’ என்றால் நலம். ‘நீ ஹாவ்’ என்று சிரித்துக் கொண்டே சொன்னால் வணக்கம் ஆயிற்று. தொனி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், சிரிப்பைப் பார்த்து அவர்களும் புரிந்து கொள்வார்கள்.

இரண்டாவது, இளம் தாய்மார்களுக்கு. குழந்தையின் காது உங்கள் மடியில்தான் பழகுகிறது. ‘அதற்கு என்ன புரியப் போகிறது’ என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எண்ணெய் தேய்க்கும்போது பேசுங்கள், சாதம் ஊட்டும்போது பேசுங்கள். குழந்தை முன்னால் போனைப் பாட விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது சௌகரியம்தான்; ஆனால் போன் அதன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை, ‘ங்கா’ என்றால் பதில் சொல்வதும் இல்லை. வீட்டில் பாட்டி தெலுங்கு பேசுகிறவராக இருந்தால் பேசட்டும். தாத்தா சௌராஷ்டிரம் பேசினால் அதையும் பேசட்டும். குழந்தை குழம்பிப் போகும் என்ற பயமே வேண்டாம். எத்தனை பாஷை வந்தாலும் வாங்கிக் கொள்ள அந்தச் சின்னக் காதில் இடம் இருக்கிறது.